குளியலறை விசிறி ஏன் தயங்குகிறது? - இரண்டு கம்பிகளின் கதை

குளியலறையில் சுவிட்சைப் போட்டதும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்ற வேண்டும். ஆனால் சில வீடுகளில் அது "ம்ம்ம்..." என்று முனகிக்கொண்டு அப்படியே நிற்கும். அரை நிமிடம் கழித்து, மனசு வந்தது போல மெல்ல ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. அப்புறம்தான் வேகம் பிடிக்கும். இதற்கென்றே ஒரு குச்சியை ஜன்னல் ஓரத்தில் வைத்திருப்பவர்களும் உண்டு. இறக்கையை ஒரு தட்டு தட்டினால் போதும், ஓட ஆரம்பித்துவிடும்!

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவர் ஏணியில் ஏறுவதற்கு முன்பே "கண்டென்சர் போயிருக்கும் சார்" என்பார். பல நேரம் அது சரியாகவே இருக்கும். சில நேரம் கண்டென்சரை மாற்றிய பிறகும் விசிறி முனகும். வேறு சில நேரம் அந்த விசிறியில் கண்டென்சர் என்ற ஒன்றே இருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தயங்குவது இந்த மோட்டாரின் பிறவிக்குணம். அது தயங்காமல் ஓடுவதுதான் ஆச்சரியம். வீட்டுக்கு இரண்டு கம்பிகளில் மின்சாரம் கொடுப்பது என்று 1880களில் முடிவான அன்றே இந்தக் கோளாறும் கூடவே பிறந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம், பிறவியிலேயே தானாகப் புறப்படத் தெரியாத ஒரு மோட்டாரை எப்படியாவது கிளப்பிவிட மனிதர்கள் செய்த தந்திரங்கள்தான். அந்தத் தந்திரங்களின் வரலாறு தெரிந்தால், விசிறியில் எது பழுது என்று கண்டுபிடிப்பதும் சுலபமாகிவிடும்.

தட்டைச் சுழற்றிய காந்தம்

1824-ல் பிரான்சுவா அராகோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினால், அதற்கு மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே சுழல ஆரம்பிக்கிறது. செம்போ காந்தத்தில் ஒட்டாத உலோகம். பிறகு எது ஊசியை இழுக்கிறது?

1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்த பிறகுதான் விடை கிடைத்தது. காந்தத்துக்கும் தட்டுக்கும் இடையே அசைவு இருந்தால், தட்டுக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டம் தட்டையே தற்காலிகமாக ஒரு காந்தமாக்கிவிடுகிறது. ஆக, தட்டைச் சுழற்றினால் காந்தம் பின்தொடரும். காந்தத்தைச் சுழற்றினால் தட்டு பின்தொடரும். தட்டுக்கு எந்தக் கம்பியும் இணைக்க வேண்டியதில்லை.

ஆனால் காந்தத்தைக் கையால் சுழற்றித் தட்டைச் சுழலவைப்பதில் லாபம் ஒன்றுமில்லையே? காந்தத்தை அசைக்காமல், அதன் புலத்தை மட்டும் சுழலவைக்க முடியுமா? 1879-ல் லண்டனில் வால்டர் பெய்லி என்பவர் அதைச் செய்து காட்டினார். நான்கு மின்காந்தங்களை அசையாமல் நிறுத்தி, அவற்றுக்குப் போகும் மின்சாரத்தை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார். மேலே இருந்த செம்புத் தட்டு சுழன்றது. அந்தக் காலத்தில் அது ஒரு வேடிக்கைப் பொருளாகவே பார்க்கப்பட்டது.

அடுத்த அடியை இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து வைத்தார்கள். இத்தாலியின் டூரின் நகரப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ் 1885-ல் இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தார். இரண்டுக்கும் மாறுமின்னோட்டம் கொடுத்தார். ஆனால் ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் இருக்கும்படி கொடுத்தார். நடுவில் இருந்த செம்பு உருளை சுழன்றது. 1888 மார்ச்சில் இதை அவர் டூரின் அறிவியல் கழகத்தில் வெளியிட்டார். அவருடைய கணக்குப்படி இந்த மோட்டாரின் திறன் பாதிக்கு மேல் போகாது என்று வந்ததால், தொழிலுக்கு இது உதவாது என்று நினைத்துவிட்டார்!

அதே யோசனையை அமெரிக்காவில் வளர்த்துக்கொண்டிருந்த நிக்கோலா டெஸ்லாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. 1887 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1888 மே 1 அன்று அது கிடைத்தது. மே 16 அன்று நியூயார்க்கில் அமெரிக்க மின்பொறியாளர்கள் கழகத்தில் உரையாற்றினார். ஜூலைக்குள் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அந்த உரிமைகளைப் பெற்றுக்கொண்டார். சுழலும் பாகத்துக்கு மின்சாரமே இணைக்காமல் ஓடும் தூண்டல் மோட்டார் இப்படித்தான் சந்தைக்கு வந்தது. இன்று பெரும்பாலான குளியலறை விசிறிகளில் இருப்பது இதன் ஒன்றுவிட்ட பேரன்.

இரண்டு கம்பியால் வந்த வினை

டெஸ்லாவின் மோட்டாருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒன்றுக்கொன்று நேரம் தள்ளி வரும் இரண்டு மின்னோட்டங்களாவது வேண்டும். பொறியாளர்கள் இதைக் கட்டம் என்பார்கள். நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் 'பேஸ்'.

ஆனால் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அதற்குள் பல ஊர்களுக்கு மின்சாரம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அதெல்லாம் விளக்கு எரிப்பதற்காகப் போட்ட இணைப்பு. இரண்டே கம்பி, ஒரே கட்டம். அதுவும் நொடிக்கு 133 அலைகள். பிட்ஸ்பர்க் நகரத்தில் நிறுவனத்தின் பொறியாளர்களும் டெஸ்லாவும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அந்த இரண்டு கம்பியில் மோட்டார் ஒழுங்காக ஓடவில்லை. பின்னால் நிறுவனம் மோட்டாருக்கும் விளக்குக்கும் சேர்த்துப் பொருந்துகிற 60 அலைகளுக்கு மாறியது.

ஐரோப்பாவில் மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மூன்று கட்டங்களைப் பயன்படுத்தி மோட்டார் செய்தார். 1891-ல் லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூன்று கட்ட மின்சாரம் அனுப்பிக் காட்டினார்கள். அதன் பிறகு தொழிற்சாலைகளுக்கு மூன்று கட்டம் என்பது மெல்ல மெல்ல வழக்கமாயிற்று.

வீடுகளுக்கு? பல்பு எரிய இரண்டு கம்பி போதும். மூன்றாவது, நான்காவது கம்பிக்குச் செம்பு செலவு ஏன்? ஆகவே வீடுகளுக்கு இரண்டு கம்பியே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பம்புசெட் வைத்திருப்பவர்கள் "மூணு பேஸ் வந்துடுச்சா?" என்று கேட்பதன் பின்னால் இருப்பதும் இந்தப் பழைய பிரிவினைதான். மூன்று பேஸ் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் தானாகக் கிளம்பும். ஒரு பேஸ் மோட்டார் கிளம்பாது.

ஏன் கிளம்பாது? ஒரே கட்டத்தில் கிடைக்கும் காந்தப்புலம் சுழலாது. ஒரே கோட்டில் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருக்கும். அப்படி அடிக்கும் புலத்தை, எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு சமமான புலங்களின் கூட்டாகப் பார்க்கலாம். இந்த விளக்கம் பிற்காலத்தில் ஃபெராரிஸ் கொடுத்தது. வடம் இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் இருந்தால் கயிறு நகருமா? அதுபோல மோட்டார் நின்ற இடத்திலேயே நின்று அதிரும். அந்த முனகல் சத்தம் இதுதான்.

ஆனால் யாராவது ஒரு திசையில் லேசாகத் தள்ளிவிட்டால், அந்தத் திசைக்குப் பலம் கூடிவிடும். பிறகு அது தானாகவே வேகம் பிடிக்கும். இடப்பக்கம் தள்ளினால் இடம். வலப்பக்கம் தள்ளினால் வலம். அந்தக் காலத்தில் ஒரு கட்ட மோட்டாரை உண்மையிலேயே பெல்ட்டைக் கையால் இழுத்துத்தான் கிளப்பினார்கள். குளியலறையில் குச்சி வைத்துத் தட்டுபவர், தெரியாமலேயே 1890களின் பொறியாளர் வேலையைச் செய்கிறார்!

முதல் தந்திரம்: ஒரு செம்பு வளையம்

ஒவ்வொரு விசிறிக்கும் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்த முடியாது. இரண்டாவது கட்டத்தை வீட்டுக்குள்ளேயே எப்படியாவது 'உண்டாக்க' வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் பிறந்தன.

ஒரு வழிக்கு விதை போட்டவர் எலிஹு தாம்சன். 1887-ல் அவர் மாறுமின்னோட்டக் காந்தத்தின் அருகே செம்பு வளையங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று விளக்கினார். வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம், காந்தப்புலத்தின் மாற்றத்தைத் தடுக்கப் பார்க்கும். ஆகவே ஒரு காந்த முனையின் ஒரு ஓரத்தில் மட்டும் தடித்த செம்பு வளையத்தைப் போட்டால், அந்த ஓரத்தில் புலம் கொஞ்சம் தாமதமாக எழும்பும். வளையம் இல்லாத பக்கம் முதலில், வளையம் உள்ள பக்கம் அப்புறம். பார்ப்பதற்குப் புலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்வது போல ஆகிவிடும். ரோட்டரைக் கிளப்ப அந்த நகர்வே போதும்.

இந்த வகை மோட்டாருக்கு 'ஷேடட் போல்' என்று பெயர். இதைவிட எளிய மோட்டார் இருக்க முடியாது. ஒரே சுருள், இரண்டு செம்பு வளையம், முடிந்தது. கண்டென்சர் கிடையாது. ஆனால் இதற்குக் கிளம்பும் பலம் மிக மிகக் குறைவு. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். ஆறு அங்குல குளியலறை விசிறிகள் பலவற்றில் மலிவு கருதி இதுதான் இருக்கிறது. அச்சில் கொஞ்சம் அழுக்குச் சேர்ந்தாலும் இது தயங்கும். அந்த நேரத்தில் "கண்டென்சர் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், முதலில் கண்டென்சர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும்!

இரண்டாவது தந்திரம்: கண்டென்சர்

மற்ற வழி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மோட்டாரில் இரண்டு சுருள்கள். ஒன்று நேராக மின்சாரத்தில் இணையும். மற்றது ஒரு கண்டென்சர் வழியாக இணையும். கண்டென்சர் தன் வழியே போகும் மின்னோட்டத்தை முன்கூட்டித் தள்ளிவிடும். ஒரே கட்டத்திலிருந்து இரண்டு கட்டம் கிடைத்துவிடும். டெஸ்லாவே இப்படிக் கட்டத்தைப் பிரிக்கும் முறைகளைத் தேடியிருக்கிறார்.

கண்டென்சர் என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அலெஸாண்ட்ரோ வோல்ட்டா 1782-ல் வைத்த பெயர் அது. இருபதாம் நூற்றாண்டில் பாடப்புத்தகங்கள் 'கெப்பாசிட்டர்' என்று மாற்றிக்கொண்டன. ஆனால் மதுரையிலும் திருச்சியிலும் காயில் கட்டும் கடைகளில் இன்றும் வோல்ட்டா வைத்த பெயர்தான் வழக்கில் இருக்கிறது.

யோசனை 1890களிலேயே இருந்தது. பிறகு ஏன் கண்டென்சர் மோட்டார்கள் வீடுகளுக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின? காரணம் அளவு. உலகின் முதல் கண்டென்சர் 1745-46-ல் வந்த லைடன் ஜாடி. உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிக் குடுவை அது. சாதாரண ஜாடி ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 1 நானோஃபேரட். இன்று ஒரு விசிறிக்குத் தேவைப்படுவது 2.5 மைக்ரோஃபேரட் போல. அதாவது ஒரு விசிறியைக் கிளப்ப 2,500 ஜாடிகளை அடுக்க வேண்டும்! குளியலறையில் மனிதனுக்கு இடம் இருக்காது.

மெழுகு தோய்த்த காகிதத்தையும் உலோகத் தாளையும் பாய் போலச் சுருட்டிச் செய்யும் கண்டென்சர் 1876-ல் வந்தது. 1896-ல் சார்லஸ் போலக் அலுமினியத்தை வைத்து மின்பகு கண்டென்சருக்குக் காப்புரிமை பெற்றார். இவை மலிந்து சிறுத்து வர 1920களின் கடைசி ஆகிவிட்டது. அப்போதுதான் குளிர்பதனப் பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. அவற்றின் கம்ப்ரசரைக் கிளப்ப நல்ல பலம் வேண்டும். தேவையும் பொருளும் ஒரே நேரத்தில் சேர்ந்தன.

1932-ல் பி.எச். டிரிக்கி என்ற அமெரிக்கப் பொறியாளர், கண்டென்சர் மோட்டாரைச் சமநிலையாக ஓடும்படி எப்படி வடிவமைப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். 1936-ல் ஷேடட் போல் மோட்டாரையும் அலசி எழுதினார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

அதே 1936-ல் இங்கிலாந்தில் ஜோசப் சார்லஸ் அகெஸ்டர் ஜன்னல் கண்ணாடியில் பொருத்தும் மின்சாரக் காற்றுப்போக்கியை உருவாக்கினார். 'வென்ட்-ஆக்ஸியா' நிறுவனம் இதிலிருந்து பிறந்தது. சமையலறை, குளியலறைகளில் புகையையும் ஆவியையும் வெளியே தள்ளும் சின்ன விசிறிகளுக்கு அது ஒரு முன்னோடி.

ஒரு ஆறு கொடுத்த விலை

சுருட்டிய காகிதத்தை எண்ணெயில் ஊறவைத்தால் கண்டென்சர் இன்னும் சிறிதாகவும் உறுதியாகவும் இருக்கும். சாதாரண எண்ணெய் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத, கெட்டுப்போகாத ஒரு எண்ணெய் 1929-லிருந்து அமெரிக்காவில் தொழில்முறையில் தயாரானது. பாலிகுளோரினேட்டட் பைஃபினைல், சுருக்கமாக பி.சி.பி. கெட்டுப்போகாது என்பதுதான் அதன் பெருமை. பின்னால் அதுவே அதன் குற்றமாயிற்று.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்ற இரண்டு ஊர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கண்டென்சர் ஆலைகள் இருந்தன. 1947 முதல் 1977 வரை இந்த ஆலைகளிலிருந்து பி.சி.பி. ஆற்றில் கலந்தது. 1966-ல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் சோரன் ஜென்சன் டி.டி.டி.யைத் தேடப்போய், மீனிலும் கழுகிலும் பி.சி.பி. சேர்ந்திருப்பதைக் கண்டார். 1968-ல் மேற்கு ஜப்பானில் சமையல் எண்ணெயில் பி.சி.பி. கலந்து ஏராளமானோர் 'யூஷோ' என்ற நோய்க்கு ஆளானார்கள். அது கண்டென்சரால் வந்ததல்ல, எண்ணெய் ஆலையின் குழாய்க் கசிவால் வந்தது. ஆனால் அந்த வேதிப்பொருள் உடம்பில் என்ன செய்யும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

1976-ல் மேல் ஹட்சனில் மீன் பிடிக்கத் தடை வந்தது. 1979-ல் அமெரிக்காவில் பி.சி.பி. தயாரிப்பு தடைசெய்யப்பட்டது. 1984-ல் அந்த ஆறு, அரசு சுத்தப்படுத்த வேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றுப்படுகையைத் தோண்டிச் சேற்றை அள்ளும் வேலை 2009-ல் ஆரம்பித்து 2015-ல்தான் முடிந்தது. அப்போதும் ஆற்றில் பி.சி.பி. மிச்சம் இருந்தது. மோட்டாரைக் கிளப்புவது போன்ற எளிய வேலைகளுக்குப் பயன்பட்ட ஒரு சின்ன டப்பாவுக்காக, அந்தக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள் தங்கள் தொழிலை இழந்தார்கள். இன்று பழைய பொருள் கடையில் கிடைக்கும் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எண்ணெய்க் கண்டென்சரை உடைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக்

பி.சி.பி. போன பிறகு அந்த இடத்தைப் பிடித்தது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் தாள். அதன் மேல் உலோகத்தை ஆவியாக்கி, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். காப்புப் பொருளின் மேலேயே உலோகத்தைப் பூசும் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் ஜி.எஃப். மான்ஸ்பிரிட்ஜ் 1900-லேயே உலோகம் பூசிய காகிதக் கண்டென்சருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

இந்தப் படலத்தில் ஒரு அருமையான குணம் உண்டு. மின்னழுத்தம் எகிறி எங்காவது ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் ஒரு நொடியில் ஆவியாகிவிடும். ஓட்டை தனிமைப்பட்டுவிடும். கண்டென்சர் வெடிக்காது, தீப்பிடிக்காது, தொடர்ந்து வேலை செய்யும். காயம் பட்டால் தானே ஆறிக்கொள்வது போல!

ஆனால் ஒவ்வொரு காயத்துக்கும் கொஞ்சம் உலோகம் போகிறது. உலோகம் போனால் பரப்பு குறைகிறது. பரப்பு குறைந்தால் கொள்ளளவு குறைகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து படலத்தை அரித்தால் இன்னும் வேகமாகக் குறையும். குளியலறையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. 2.5 மைக்ரோஃபேரட் 2 ஆகும், 1.5 ஆகும். இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டம் மெலியும். வடம் இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் மறுபடி சமமாகிக்கொண்டே வரும்.

விசிறி ஒரே நாளில் நிற்காமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோம்பேறியாவது இதனால்தான். பழைய கண்டென்சர் செத்தால் பளிச்சென்று தெரியும். புதியது சத்தமில்லாமல் தேய்கிறது. ஆபத்தை நீக்கிய அதே தந்திரம்தான் இந்தத் தயக்கத்தையும் கொடுத்தது.

எண்ணெய் குடித்த வெண்கலம்

பழியை முழுக்கக் கண்டென்சர் மேல் போட முடியாது. அச்சு சுழலும் இடத்தில் இன்னொரு வரலாறு உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் 'புஷ்' என்று சொல்லும் சிறிய வெண்கல வளையம் அது. வெண்கலத் தூளை அழுத்திச் சூடாக்கினால், கடற்பஞ்சு போல நுண்ணிய துளைகள் உள்ள வளையம் கிடைக்கும். அந்தத் துளைகளில் எண்ணெயை ஏற்றிவிட்டால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அச்சை வழுக்க வைக்கும். 1930களில் கிரைஸ்லர் நிறுவனம் 'ஆயிலைட்' என்ற பெயரில் இதைப் பரப்பியது. மாதாமாதம் எண்ணெய் விட வேண்டிய தொல்லை ஒழிந்தது.

ஆனால் எண்ணெய் அளவானதுதான். வருடக்கணக்கில் சூடும் தூசியும் பட்டு அது பிசின் மாதிரி ஆகிவிடும். குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், சூடானால் இளகும். ஆகவே காலையில் முதல் முறை போடும்போது தயங்கி, ஒரு தடவை ஓடி நின்ற பிறகு உடனே போட்டால் சட்டென்று கிளம்புகிற விசிறி இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது புஷ்ஷைத்தான்.

வரலாற்றை வைத்துப் பழுதைக் கண்டுபிடித்தல்

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், விசிறியைச் சோதிக்கும் வரிசையும் தானாக வந்துவிடும்.

முதலில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையும் அணைக்க வேண்டும். ஈரக் குளியலறையில் இதில் சமரசம் கூடாது. பிறகு இறக்கையைக் கையால் சுற்றிவிட வேண்டும். நல்ல விசிறி சத்தமின்றிச் சில சுற்றுகள் ஓடி மெல்ல நிற்கும். உடனே நின்றால், உரசினால், அச்சு ஆடினால், பிரச்சினை புஷ்ஷிலோ இறக்கையில் படிந்த பிசுக்கிலோ இருக்கிறது. வெளிப்பக்கக் கதவுத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். பாதி வீடுகளில் ஒரு பழைய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். மோட்டார்மேல் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் முனகுகிறது என்றால், கிளப்பும் தந்திரத்தில் கோளாறு. கண்டென்சர் உள்ள விசிறியானால் முதல் சந்தேகம் அதன்மேல். அதைத் தொடுவதற்கு முன் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும், தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. மைக்ரோஃபேரட் அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால், மேலே அச்சிட்ட எண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். மாற்றும்போது அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதைப் போட வேண்டும். "பெருசாப் போட்டா வேகமாக் கிளம்பும்" என்று எண்ணைக் கூட்டினால், இரண்டாவது சுருள் சூடேறிக் கருகும். டிரிக்கி 1932-ல் கணக்குப் போட்டது வீணுக்கல்ல.

மின்னழுத்தத்தையும் மறக்கக் கூடாது. இந்த மோட்டார்களின் கிளம்பும் பலம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 184 ஆகக் குறைந்தால் குறைவு 20 சதவீதம்தான். ஆனால் பலம் 64 சதவீதமாகிவிடும். மாலை நேரத்தில் மட்டும் தயங்கும் விசிறிக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, குச்சியால் தட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். ஒரு நாள் தட்ட மறந்துவிட்டு வெளியே போய்விட்டால்? சுழலாத மோட்டார் ஓடும் மோட்டாரைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். குளிர்விக்கக் காற்றும் கிடையாது. உள்ளே வெப்ப ஃபியூஸ் இருந்தால் அது போய் விசிறி சாகும். அது இல்லாத மலிவு விசிறியில், சுற்றிலும் பஞ்சு போலத் தூசி படிந்திருந்தால், தீக்குத் தேவையான எல்லாமே அங்கே இருக்கிறது. முனகல் என்பது எச்சரிக்கை.

கடைசியில் ஒரு திருப்பம்

1962-ல் டி.ஜி. வில்சன், பி.எச். டிரிக்கி என்ற இருவர், மின்சாரத்தைத் திசைமாற்றும் வேலையை டிரான்சிஸ்டர் போன்ற திடநிலைச் சாதனங்களிடமே விட்டுவிடும் மோட்டாரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆம், அதே டிரிக்கி! இன்று 'பி.எல்.டி.சி.' என்ற பெயரில் கடைகளில் விற்கும் விசிறிகளின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு வருவது அதே இரண்டு கம்பிதான். ஆனால் விசிறிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று அதை நேர்மின்னோட்டமாக்கி, தனக்குத் தேவையான கட்டங்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. 1888-ல் டெஸ்லா கேட்டது ஒரு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

அப்படியானால் புதிய விசிறிகள் சட்டென்று கிளம்பும் என்றுதானே நினைப்போம்? பல பி.எல்.டி.சி. விசிறிகள் வேண்டுமென்றே மெதுவாகத்தான் கிளம்புகின்றன! ரோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அதிர்ச்சியில்லாமல் வேகத்தைக் கூட்டும்படி அவற்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது கோளாறு அல்ல. முதல் நாளிலிருந்தே ஒரே மாதிரி மெதுவாகக் கிளம்பினால் அது அதன் சுபாவம். நாளுக்கு நாள் தாமதம் கூடிக்கொண்டே போனால்தான் நோய்.

அராகோவின் செம்புத் தட்டு, ஃபெராரிஸின் இரண்டு சுருள், தாம்சனின் வளையம், மான்ஸ்பிரிட்ஜின் உலோகப் படலம், ஹட்சன் ஆற்று மீன்கள்... இத்தனையும் சேர்ந்துதான் குளியலறைச் சுவரில் ஆறு அங்குல ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த முறை அது முனகினால் குச்சியைத் தேட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, இறக்கையை ஒரு முறை கையால் சுற்றிப் பார்த்தால் போதும். இந்தக் கதையில் எந்த அத்தியாயம் பழுதாகியிருக்கிறது என்று விசிறியே சொல்லிவிடும்.